அடைப்புக்குத் தனி ரேட்

ஓடு போடுகிற தொழிலில் பாதி வேலை விலை சொல்வதுதான். அதைச் சரியாகச் சொல்லிவிட்டால் மீதியைக் கை பார்த்துக்கொள்ளும். குறைத்துச் சொல்லி மாட்டிக்கொண்டாலோ, வேலை முடிகிறவரை மனசுக்குள் ஒருத்தன் உட்கார்ந்து புலம்பிக்கொண்டே இருப்பான். கை ஓடாது.

நான் நைனார்பாளையத்தில் இருந்துகொண்டு சுற்றுவட்டாரம் முழுக்க ஓட்டு வேலை எடுத்துச் செய்கிறேன். வேலைக்குக் குறைச்சல் இல்லை. இப்போது மலைமேல் வெள்ளிமலைப் பக்கம் இடம் வாங்கி வீடு கட்டுகிற வெளியூர்க்காரர்கள்கூட சீமை ஓடுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். என்னோடு வேலைக்கு வருகிறவள் என் மனைவி. நான் மேலே, அவள் கீழே. ஓட்டைக் கழுவுவது, தட்டிப் பார்த்து விரிசல் விட்டதைக் கழிப்பது, எனக்குத் தூக்கிக் கொடுப்பது, கலவை போடுவது எல்லாம் அவள். நான் கோபித்துக்கொண்டால் வீட்டுக்காரர்களிடம் சமாதானம் பேசுவதும் அவள்தான். அந்த வேலையில் மட்டும் அவளுக்கு ஓய்வே கிடையாது.

எங்கள் கணக்கு சதுரக் கணக்கு. நூறு சதுர அடி ஒரு சதுரம். பழைய ஓட்டைப் பிரித்துக் கழுவித் திருப்பிப் போட்டால் சதுரத்துக்கு ஒரு ரேட், புது ஓட்டுக்கு வேறு ரேட். உடைசல் யார் தலையில் என்பதை முதலிலேயே பேசிவிட வேண்டும், இல்லையென்றால் கடைசி நாளில் சண்டைதான். இரண்டு கூரைச் சரிவுகள் வந்து சேருகிற பள்ளத்தைக் கூடுவாய் என்போம். ரெண்டு பக்கத்துத் தண்ணீரும் அதில்தான் பாயும். அதன் வேலை சதுரத்தில் சேராது, அதற்குத் தனியாகப் பேசுவேன். அதில் இலைதழை சேர்ந்து அடைத்துக்கொண்டிருந்தால் அதற்கும் தனி. அங்கே அடைத்தால் தண்ணீர் பின்வாங்கி ஓட்டுக்கு அடியில் புகுந்து கூரையைத் தாங்குகிற கைமரத்தையே உளுக்க வைத்துவிடும். இதைச் சொன்னால் நான் காசு பிடுங்குகிறேன் என்பார்கள். மழை வந்ததும் அவர்களே போன் செய்வார்கள்.

விலை சொல்வதற்கு முன்னால் நான் வீட்டுக்குள் போவேன். நல்ல வெயில் வேளையில் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தச் சொல்லி, ஒவ்வொரு அறையிலும் இருட்டில் நின்று அண்ணாந்து பார்ப்பேன். ஓடு நகர்ந்த இடம், விரிந்த இடம் எல்லாம் வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். டேப் பிடித்து அளப்பதெல்லாம் அதற்கப்புறம்தான். எந்த அறையையும் விடமாட்டேன். அந்த ஒரு வீட்டில்தான் ஓர் அறையை விட்டேன்.

சங்கராபுரம் தாண்டி மலையடிவாரத்தில் இருந்தது அந்த வீடு. முற்றத்தில் நின்றால் மலை தலைக்கு மேலே கவிழ்ந்து நிற்பது போல இருக்கும். முற்றம் முழுக்க மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது. எங்களைக் கூப்பிட்டது வீட்டுக்கார அம்மாள். ஐம்பது வயது இருக்கும், நல்ல நிலபுலம் உள்ள குடும்பம். அவர் புருஷன் மாட்டுக்கொட்டகையில் இருந்தார். மேல்துண்டை வாயருகே பிடித்துக்கொண்டு, இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டு, எங்களைப் பார்த்து ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். விலை பேசுகிற இடத்துக்கே அவர் வரவில்லை. எதற்கும் உதவாத மனுஷன் போல என்று அப்போதே மனசுக்குள் முத்திரை குத்திவிட்டேன். எனக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு.

வீடு 'ட' எழுத்துப் போல ஒரு மடிப்பு மடிந்த வீடு. மடிப்புக்கு நேர் கீழே, கூடுவாய்க்கு அடியில், ஓர் அறை பூட்டியிருந்தது.

"இத்தயும் தொறங்கம்மா, பாத்துடறேன்" என்றேன்.

"அத்த மட்டும் தொறக்க முடியாதுங்க மேஸ்திரி. அதுல அடைப்புங்க."

அவர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். நானும் அண்ணாந்து பார்த்தேன்.

"கூடுவாயிலயா? யாராவது பிரிச்சாங்களா?"

கூரையிலிருந்து பார்வையை என் பக்கம் திருப்பினார். பிறகு, "ஆமாங்க, ஓடு கொஞ்சம் பிரிச்சி வுட்டிருக்குது" என்றார்.

"அடைப்புன்னா தனி ரேட்டுங்க. சதுரத்துல சேராது."

இந்த இடத்தில் எல்லோரும் பேரத்தை ஆரம்பிப்பார்கள். நானும் அதற்குத் தயாராகத்தான் நின்றேன். அந்த அம்மாள் என் முகத்தையே பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"எவ்ளோ ஜாஸ்தியானாலும் பரவால்லங்க. இடுக்கு இல்லாம மூடிடுங்க. காத்துகூடப் பூந்து வெளிய போவக் கூடாது."

காற்று உள்ளே வரக்கூடாது என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். வெளியே போகக் கூடாது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் சொன்ன ரேட்டுக்கு மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்ட சந்தோஷத்தில் அது என் காதில் ஏறவே இல்லை.

மலைமேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்ததால் கூடுவாய்ப் பக்கம்தான் முதலில் கை வைத்தேன். வேப்பிலைச் சருகும் மண்ணும் கெட்டித்துப்போய் அங்கே அடைப்பு இருக்கத்தான் செய்தது. பக்கத்திலேயே ஓடுகள் பிரிக்கப்பட்டு ஒரு ஆள் தோளை நுழைக்கிற அளவுக்குப் பொக்கையாகத் திறந்திருந்தது. எவனோ ஒரு அரைகுறை அடைப்பு எடுக்க வந்து, பிரித்ததைத் திருப்பி மூடத் துப்பில்லாமல் ஓடிவிட்டான் என்று திட்டிக்கொண்டே அந்தப் பொக்கை வழியாகக் குனிந்து பார்த்தேன்.

கீழே ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நல்லெண்ணெய் வாசனை மேலே வந்தது. ஒரு கட்டில், சுருட்டின பாய், ஒரு சொம்பு, மடித்து வைத்த ஒரு சட்டை. சுவரோரம் ஒரு செல்போன் சார்ஜில் கிடந்தது. சாமி ரூம் போலிருக்கிறது என்று நினைத்தேன். சாமி ரூமில் கட்டில் எதற்கு என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அதற்குள் என் மனைவி கீழேயிருந்து ஓட்டை நீட்டிவிட்டாள்.

உச்சி வேளைக்கு அந்தத் தெருவே அடங்கிவிட்டது. காக்காய் சத்தம்கூட இல்லை. நான் கைமரத்தில் கால் ஊன்றி உட்கார்ந்து ஓடு உட்காருகிற ரீப்பர் கட்டைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். என் காலுக்கு அடியில் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. நின்று, கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அடித்தது.

"யாராவது போன எடுங்களேன்!" என்று கத்தினேன்.

"யாரக் கூப்புட்டுக்கினு இருக்கிற? வூட்டுல ஒரு ஆளும் இல்ல" என்றாள் என் மனைவி. "அந்தம்மா பின்னாடி கெணத்துகிட்ட நிக்குது."

அன்று சாயங்காலத்துக்குள் பொக்கையை மூடிவிட்டேன். உளுத்த ரீப்பரை மாற்றி, கூடுவாய்க்குப் புதுத் தகரம் கொடுத்து, ஓடுகளை ஒன்றின்மேல் ஒன்று கடித்துக்கொண்டு உட்காரும்படி வைத்தேன். என் வேலையை நானே மெச்சிக்கொள்வதாக இருந்தால் அன்றைக்கு மெச்சிக்கொள்ளலாம். கடைசி ஓட்டை வைக்கும்போது கீழே விளக்குச் சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிறகு நேராக நின்றது. காற்று நின்றுவிட்டது, அதனால்தான். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் அந்த ஓடுகள் தூக்கிக்கொண்டு நின்றன.

மலையடிவாரம், குரங்குத் தொல்லை உண்டு. குரங்குகளை நாலு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிவிட்டுத் திரும்ப உட்கார வைத்தேன். என் மனைவி ஏணியில் பாதி ஏறி நின்று பார்த்தாள்.

"கொரங்கு இல்லய்யா இது. கொரங்கு புடிச்சி இழுத்தா ஓடு கீழ சரிஞ்சி வரும். இது நிமுந்துக்கினு நிக்குது பாரு. உள்ளருந்து தள்ளின மாரி இருக்குது."

"உள்ளருந்து யாரு தள்ளுவா? ரூம்பு பூட்டியிருக்குது."

 குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குத் தண்ணீர் பிடிக்கப் போனாள். திரும்பி வரும்போது முகம் வெளிறிப் போயிருந்தது. குடத்தைக்கூட இறக்கி வைக்காமல் என்னைக் கீழே வரச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"அந்த அடைப்பு நீ நெனைக்கிற அடைப்பு இல்லய்யா. இவங்க புள்ள அந்த ரூம்புலதான் செத்துச்சாம். அடைப்பு நட்சத்திரத்துல."

 ஆகாத நட்சத்திரத்தில் உயிர் போனால் அதை அடைப்பு என்போம். உயிர் போன அறையைப் பூட்டி, பெரியவர்கள் சொல்கிற மாசக் கணக்குக்கு விளக்கு மட்டும் ஏற்றி வைப்பார்கள். சில குடும்பங்களில் சுவரை இடித்து அந்த வழியாக உடம்பை எடுப்பார்கள். ஓட்டு வீடாக இருந்தால் ஓடுகளைப் பிரித்து வானம் தெரிய விட்டுவைப்பார்கள். போகிற உயிர் வாசலுக்கு வராமல் அந்த வழியாகப் போய்விட வேண்டும் என்பதற்காக. கணக்கு முடிகிறவரை அதை யாரும் மூடமாட்டார்கள். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஓட்டுக்காரனான என் காதில்தான் அடைப்பு என்றால் சருகும் மண்ணும் என்று விழுந்திருக்கிறது. தனி ரேட் என்று வேறு சொல்லியிருக்கிறேன். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம்.

இதையெல்லாம் நம்புகிறாயா என்று கேட்டால், தரையில் நிற்கும்போது நம்பமாட்டேன். உச்சி வெயிலில் அந்தக் கூரைமேல் தனியாக உட்கார்ந்திருந்தவனைக் கேட்டால் வேறு பதில் வரும்.

கோபம்தான் எனக்கு முதலில் வரும். நேராக அந்த அம்மாளிடம் போனேன். அவர் கிணற்றடியில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். பேசவில்லை, கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். பூட்டின அறைக்குள் மணி அடிக்கிற சத்தம் எனக்கும் கேட்டது. அவர் யாரைக் கூப்பிடுகிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோபத்தில் பாதி அங்கேயே இறங்கிவிட்டது.

"இன்னாம்மா இது? அடைப்புன்னு சொல்லி ஏமாத்திட்டீங்களே" என்றேன்.

"நான் சரியாத்தான் சொன்னேங்க. நீங்கதான் வேற மாரி எடுத்துக்கினீங்க." போனை முந்தானையில் துடைத்தார். "வெவரம் தெரிஞ்சா எந்த மேஸ்திரியும் கை வெக்க மாட்டாங்க. அவன் போவக் கூடாதுங்க. கணக்கு முடியறதுக்குள்ள மூடிட்டா அங்கியேதான இருப்பான்? இருக்கட்டும். எனக்கு ஒரே புள்ளங்க."

என்ன சொல்வது? நானும் பிள்ளை பெற்றவன்தான்.  திரும்பி வந்துவிட்டேன்.

வேலையை விட்டுவிட்டுப் போய்விடலாம் என்றாள் என் மனைவி. "பெத்தவ அழுவுறா, அது ஒரு பாவம். போவ வேண்டியத அடைச்சி வெச்சிருக்கறம், அது ஒரு பாவம். ரெண்டுத்துக்கும் நடுவுல நாம எதுக்கு?" அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் மறுபக்கச் சரிவு முழுக்கப் பிரித்துக் கிடக்கிறது, மலையில் மழை இறங்குகிற மாதிரி இருக்கிறது. பிரித்த கூரையைப் போட்டுவிட்டுப் போகிறவன் ஓட்டுக்காரனே இல்லை. அதோடு, நான் உட்கார வைத்த ஓடு தானாக எழுந்து நிற்கிறது என்றால் அது என்ன என்று தெரியாமல் போக எனக்கு மனசு வரவில்லை. பயந்துகொண்டேதான் சொல்கிறேன். அன்றைக்கு அந்த ஓடுகளின் துளையில் கம்பி விட்டு ரீப்பரோடு முறுக்கிக் கட்டினேன். 

அடுத்த நாள் விடிந்ததுமே வேலைக்கு வந்துவிட்டோம். முற்றத்தில் அந்த அம்மாள் மக்காச்சோளத்தைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். நான் ஏணியில் ஏறிக் கூடுவாய்ப் பக்கம் நகர்ந்து போனேன். ஓடுகள் நான் விட்டுப்போனபடியே இருந்தன. அப்பாடா என்று மூச்சு வந்தது. கம்பி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க நடு ஓட்டின்மேல் உள்ளங்கையை வைத்தேன்.

என் கைக்கு அடியில் ஓடு எழும்பியது.

கையை எடுக்கக்கூட வரவில்லை. மறுபடியும் எழும்பியது. மெதுவாக, தூங்குகிறவன் நெஞ்சு ஏறி இறங்குகிற மாதிரி. கம்பி கிறீச்சென்றது. ஓட்டுக்கு அடியில் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. கத்தத்தான் பார்த்தேன். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. ஓடு பட்டென்று உடைந்து ஒரு துண்டு உள்ளே விழுந்தது. அந்த ஓட்டை வழியாக ஒரு கண் என்னைப் பார்த்தது.

அந்த அம்மாளின் புருஷன். கட்டில்மேல் ஏறி, தொரட்டிக் கழியின் அடிப்பக்கத்தால் ஓட்டை முட்டிக்கொண்டு நின்றிருந்தார். அறைச் சாவி அவர் அரைஞாண் கயிற்றில்தான் தொங்கியது. தினமும் விளக்கு ஏற்ற உள்ளே போகிறவர் அவர்தான்.

"கத்தாதீங்க மேஸ்திரி. அவளுக்குக் கேட்டுடும்" என்றார் கிசுகிசுப்பாக.

"இன்னா காரியம் பண்றீங்க?" நானும் தாழ்ந்த குரலில்தான் கேட்டேன். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"அவகிட்டயே சொல்ல வாய் வர்ல. ஒங்ககிட்ட எப்டி சொல்றது?" மூச்சு வாங்கியது அவருக்கு. நிறுத்தி நிறுத்திப் பேசினார். "நட்சத்திரம் கிட்சத்திரமெல்லாம் எனக்கு வேணாங்க. எனக்கு இருக்கிற இந்த இழுப்புதான் அவனுக்கும். கடேசியா, காத்து வேணும் நைனா, தொறந்து வுடு நைனான்னான். பனிக்காத்து ஆவாதுன்னு அவ ஜன்னல சாத்திக்கினே இருந்தா. நானும் சும்மா இருந்துட்டேன். இப்பயும் அடைச்சா அவன் எங்கங்க போவான்?"

அவருக்குப் பின்னால் சுவரோரம் போன் பச்சை வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

"நாந்தான் சார்ஜ் போட்டு வெக்கறேன். இல்லன்னா சுவிட்ச் ஆஃப்னு ஒரு பொம்பள பேசும். அத்தக் கேட்டா இவ தாங்க மாட்டா."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது. நான் திரும்பி முற்றத்தைப் பார்த்தேன். மக்காச்சோளத்துக்கு நடுவில் அந்த அம்மாள் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். ஏணியடியில் என் மனைவி கையில் ஓட்டோடு நின்றாள். கூரைக்கு அடியில் பெரியவர், வெளியே முற்றத்தில் அந்த அம்மாள். இரண்டு பேரையும் பார்க்க முடிந்தவன் நான் ஒருத்தன்தான்.

பெரியவர் கட்டிலை விட்டு இறங்கினார். போன் பக்கத்தில் போய் நின்றார். கையை நீட்டுவதும் இழுத்துக்கொள்வதுமாக இருந்தார். மணி நிற்கப் போகிற நேரத்தில் எடுத்துக் காதில் வைத்துவிட்டார்.

முற்றத்தில் அந்த அம்மாள் அப்படியே உறைந்து போனார்.

ஒன்றைச் சத்தியமாகச் சொல்கிறேன். பெரியவர் பேசவில்லை. மேல்துண்டைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டார். நான் நேர் மேலே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அவருடைய இழுப்பு மட்டும்தான் போனுக்குள் போயிருக்கும்.

"கண்ணு?" என்றார் அந்த அம்மாள்.

கொஞ்ச நேரம் கேட்டார். தலையை ஆட்டினார், எதிரில் ஒருவர் நின்று பேசினால் ஆட்டுவது போல.

"மூச்சு வாங்குதா கண்ணு? ...ம்ம். ...ம்ம். நான் பனி ஆவாதுன்னுதாண்டா சாத்தினேன். ...ம்ம்." நடுவில் பதில் வருவது போல இடம் விட்டு விட்டுப் பேசினார். பிறகு போனைக் காதிலிருந்து எடுக்காமலே என்னை அண்ணாந்து பார்த்தார்.

"மேஸ்திரி, பிரிச்சிடுங்க."

அவருக்கு அது புருஷனின் மூச்சு என்று தெரியாமலா இருந்திருக்கும், முப்பது வருஷம் பக்கத்தில் படுத்துக் கேட்ட மூச்சு என்று என் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள். இருக்கலாம். அப்படியானால் நடுநடுவே அந்த அம்மாள் எதற்கு ம்ம் கொட்டினார் என்று நான் கேட்பேன். 

கம்பிகளை வெட்டினேன். உடைந்த ஓட்டை எடுத்தேன். அதைச் சுற்றி இருந்ததை ஒவ்வொன்றாகக் கழற்றி, பழைய பொக்கை வருகிறவரை பிரித்தேன். உள்ளேயிருந்து சூடான காற்று என் முகத்தில் அடித்து மேலே போனது. பூட்டிக் கிடந்த அறையில் சூடு இருக்கத்தான் செய்யும். அடியில் பெரியவர் போனைக் காதில் வைத்தபடியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் சந்தைக்குப் போகிறவனைக்கூடப் போ என்று சொல்லி அனுப்பமாட்டார்கள். போய்ட்டு வா என்பார்கள். கடைக்குப் பால் வாங்கப் போகிற பிள்ளைக்கும் அதுதான். வா என்கிற சொல் இல்லாமல் எந்தத் தாயும் பிள்ளையை வாசல் தாண்ட விடமாட்டாள்.

அந்த அம்மாள் மலைப்பக்கம் பார்த்துக்கொண்டு, "போய்ட்டு..." என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். 

"போ கண்ணு" என்றார். "போ."